கச்சதீவு, கடல் எல்லை, இந்திய ரோலர்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். வலை பொத்தும் இடத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் தமிழ்நாட்டிலிருந்து பேசும் சொந்தக்காரரின் தொலைபேசியிலும் பல வருடமாக ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்தால் உதவும் என்று நினைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கச்சதீவு எங்க இருக்கு அண்ணை? எங்கட கடலுக்குக் கிட்டவா?

கிட்ட இல்லை. நமது கரை கிழக்கே வங்காள விரிகுடாவைப் பார்த்தது. கச்சதீவு வடமேற்கே, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடலில் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து சுமார் 24 கிலோமீற்றர், இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 33 கிலோமீற்றர். பரப்பு ஏறக்குறைய 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் இல்லாததால் குடியிருப்பவர் யாருமில்லை. அந்தோனியார் கோயில் ஒன்று உண்டு. இங்கிருந்து போகிறவர் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போய், குறிகட்டுவானில் படகு ஏறுவதுதான் வழக்கம்.

அது உண்மையில ஆருடைய தீவு?

இன்றைய நிலையில் இலங்கையுடையது. 1974இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு கச்சதீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தூரத்தில் போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தீவும் கடலும் இலங்கைக்கு, அந்தப் பக்கம் இருப்பது இந்தியாவுக்கு. அந்த ஒப்பந்தத்தை இரண்டு அரசுகளில் எதுவும் இன்றுவரை கைவிடவில்லை. அதற்கு முன் இரண்டு நாடுகளுமே தீவைத் தங்களுடையது என்றன.

இராமநாதபுரம் ராசாவின்ர தீவு எண்டு பேப்பரில போட்டிருந்தாங்களே. அப்ப இந்தியாவின்ரதானே?

இந்தியத் தரப்பின் முக்கிய வாதம் இதுதான். கச்சதீவு சேதுபதிகளின் சமீனுக்குள் இருந்தது, அவர்கள் அதைக் குத்தகைக்கு விட்டார்கள், சமீன் ஒழிப்புக்குப் பிறகு அது சென்னை மாகாண அரசுக்கு வந்தது என்பார்கள். இலங்கைத் தரப்பு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்தே தீவு யாழ்ப்பாண நிர்வாகத்தோடு சேர்ந்தது என்றது. அங்குள்ள கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் கீழ் இருப்பதையும் காட்டியது. காணி உறுதி ஒருவரிடம் இருப்பதும் அந்த மண்மீது ஒரு நாட்டுக்கு இறைமை இருப்பதும் வேறு வேறு விடயம். ஆனாலும் சமீனைச் சாதாரண தோட்டக் காணி மாதிரிப் பார்க்க முடியாது. அது வரி வாங்கி நிர்வாகம் செய்த அமைப்பு. ஆகவே இந்திய வாதத்தை வெறும் கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. 1921 ஒக்டோபரில் கொழும்பில் சென்னை அரசின் அதிகாரிகளும் இலங்கை அரசின் அதிகாரிகளும் கூடி மீன்பிடிக்காக ஒரு கோடு கீறினார்கள். இருபக்கமும் பிரித்தானிய ஆட்சிதான். அந்தக் கோடு கச்சதீவுக்கு மூன்று மைல் மேற்கே போனது. தீவு இலங்கைப் பக்கம் விழுந்தது. சென்னைத் தரப்பு இராமநாதபுரத்தின் உரிமைக்குப் பாதகமில்லாமல் என்று ஒரு நிபந்தனை வைத்தது. அந்த உடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படவே இல்லை. பின்னாளில் இரண்டு நாடுகளும் இதே கூட்டத்தைத் தத்தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்தன.

சரி, பிறகு அம்பத்து மூண்டு வருசம் ஒருத்தரும் கதைக்கேல்லையா? 1974ல ஏன் திடீரெண்டு?

திடீரென்று நடக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கச்சதீவில் கடற்படைப் பயிற்சி செய்ய இந்தியா நினைத்தபோது இலங்கை ஆட்சேபித்தது. 1950களில் இலங்கை அங்கே பயிற்சி செய்யப் போகிறது என்ற செய்தி வந்ததும் இந்திய நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1961இல் நேரு எழுதிய குறிப்பொன்றில், இந்தச் சின்னத் தீவுக்குத் தான் முக்கியத்துவம் கொடுக்கவில்லை, உரிமைகோரலை விட்டுவிடவும் தயங்கமாட்டேன் என்ற கருத்து இருக்கிறது. அப்புறம் உலகம் முழுக்கக் கடல் சட்டம் மாறியது. 1967இல் இந்தியா தன் ஆள்புலக் கடலை, அதாவது கரையோரமாகத் தன் ஆட்சிக்குட்பட்ட கடலை, 12 கடல்மைலாக நீட்டியது, இலங்கையும் பின்னர் அதே அளவுக்கு வந்தது. பாக்கு நீரிணையின் அகலத்தில் இரண்டு பன்னிரண்டு மைலையும் போட்டுப் பார்த்தால் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கோடு போடாமல் தீராத நிலை.

சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் ஒருவரோடொருவர் நம்பிக்கையோடு பேசக்கூடியவர்களாக இருந்ததும் ஒரு காரணம். ஒப்பந்தம் 1974 ஜூன் 26 கொழும்பிலும் ஜூன் 28 புது டில்லியிலும் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜனவரியில் இதே இருவரும் வேறொரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையக மக்கள் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தபின், ஒன்றரை இலட்சம் பேர் முடிவில்லாமல் நின்றார்கள். அவர்களை ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பங்கிட்டதுதான் அந்த ஜனவரி உடன்பாடு. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கடலைப் பிரித்தபோது கடலில் இறங்குகிறவர்களையும் யாரும் கேட்கவில்லை. கச்சதீவு பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அப்ப இந்தியா எங்களுக்குத் தானமாத் தந்ததா? தாரை வாத்தது எண்டு சொல்லினமே.

தாரை வார்த்தது என்பது தமிழ்நாட்டு மேடைப் பேச்சு. இந்திய அரசின் சட்ட நிலைப்பாடு அதற்கு நேர் எதிர். இந்தியாவுக்குச் சொந்தமான நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை, தீவு யாருக்கு என்பது தீராத தகராறாக இருந்தது, எல்லை வரையறுக்கப்படாமல் இருந்தது, அதைத்தான் 1974இல் வரையறுத்தோம் என்று 2013இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னது.

இந்தச் சொற்பிரயோகத்துக்குப் பின்னால் பெரிய விடயம் இருக்கிறது. பெருபாரி வழக்கில் 1960இல் இந்திய உச்ச நீதிமன்றம், நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்றது. 2015இல் வங்காளதேசத்தோடு நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டபோது 100ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். கச்சதீவுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. தமிழ்நாட்டிலிருந்து 2008இல் ஜெயலலிதாவும் 2013இல் கருணாநிதியும் நீதிமன்றம் போனதற்கு இதுவே அடிப்படை. நிலம் கொடுக்கப்பட்டது என்றால் ஒப்பந்தம் ஆட்டம் காணும், எல்லை மட்டும் கீறப்பட்டது என்றால் உறுதியாக நிற்கும்.

ஒப்பந்தத்தில இந்திய மீனவர் கச்சதீவில வலை காயப் போடலாம் எண்டு இருக்குத்தானே?

அந்த வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை. 5ஆம் சரத்து, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்கிறது. 6ஆம் சரத்து, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. வலை என்ற சொல்லும் இல்லை, மீன்பிடிப்பது என்ற சொல்லும் இல்லை.

மீனவர் கோயிலுக்கு மட்டும் வருவதென்றால் யாத்திரிகர் என்று ஒரு சொல் போதுமே, மீனவர் என்று தனியாக ஏன் எழுதினார்கள் என்று தமிழ்நாட்டில் கேட்பது நியாயமான கேள்வி. ஒப்பந்தம் எழுதியவர்கள் அந்த இடத்தைத் தெளிவில்லாமல் விட்டார்கள். அன்றைக்கு இரு பக்கமும் அவரவருக்கு வேண்டிய மாதிரி வாசித்துக் கையெழுத்துப் போட அது உதவியிருக்கலாம். அதன் விலையை ஐம்பது வருடமாகக் கடலில் இருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

1976ல ஒரு கடிதத்தாலதான் எல்லாம் போச்சு எண்டு சொல்லினம். கடிதம் எப்பிடி ஒப்பந்தமாகும்?

ஆகும். இரண்டு அரசுகளும் ஒரே வாசகத்தை ஏற்றுக் கடிதம் மாற்றிக்கொண்டால் அது சர்வதேசச் சட்டத்தில் உடன்பாடுதான். 1976 மார்ச் 23 மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை போட்ட இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களான கேவல் சிங்கும் டபிள்யூ. ரி. ஜயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்தியப் படகுகளும் மீனவர்களும் இலங்கையின் வரலாற்றுக் கடலிலோ ஆள்புலக் கடலிலோ தனிப் பொருளாதார வலயத்திலோ வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது, இலங்கையருக்கு இந்தியக் கடலிலும் அப்படியே என்பது அதன் சாரம். முந்தின கேள்வியில் சொன்ன தெளிவின்மையை இந்தக் கடிதம்தான் மூடியது.

அதே கடிதத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கரையும் இருக்கிறது. மீன்வளம் மிக்க அந்த இடம் இந்தியாவின் உரிமை ஆனது. இலங்கையின் ஆறு படகுகளுக்கு மேற்படாமல், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், மூன்று வருடம் மட்டும் அங்கே பிடிக்க அனுமதி கிடைத்தது. கச்சதீவை மட்டும் எடுத்து யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் வாட்ஜ் கரையை மறந்துவிடுகிறார்கள்.

அந்த நேரம் இந்தியாவில் அவசரநிலை. தமிழ்நாட்டு ஆட்சி 1976 ஜனவரி 31 கலைக்கப்பட்டிருந்தது. கடிதம் மாறிய நாளில் இராமேஸ்வரத்து மீனவருக்காகப் பேசச் சென்னையில் தெரிவான அரசே இல்லை.

இதெல்லாம் யாழ்ப்பாணம், மன்னார் பிரச்சினை. திருகோணமலைக்கு என்ன சம்பந்தம்?

1974 கோட்டின் வடமுனை கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட கடலில் இருக்கிறது. 1976 கோடு அங்கிருந்துதான் வங்காள விரிகுடாவுக்குள் நீள்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்திலிருந்து வரும் ரோலர்கள் (இழுவை மடிப் படகுகள்) அந்தக் கோட்டைத் தாண்டி முல்லைத்தீவுக் கடலுக்கு வருகின்றன. புல்மோட்டை, குச்சவெளிப் பக்கத்துத் தொழிலாளிகள் முல்லைத்தீவுக் கடலை ஒட்டித்தான் தொழில் செய்கிறார்கள். அங்கே பிடிபடும் படகுகளைத் திருகோணமலைக்குக் கொண்டுவருவதும் உண்டு.

நம்மவர் மறக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. பலநாள் படகில் போகிற இலங்கைத் தொழிலாளிகளும் இந்தியக் கடலில் பிடிபடுகிறார்கள். அவர்களுடைய வீட்டாரும் இதே மாதிரி மனு எழுதுகிறார்கள்.

ரோலர் எண்டா அப்பிடி என்ன கெடுதி? அவனும் மீன்தானே பிடிக்கிறான்?

நாம் போடும் வலை மீன் வந்து படும்வரை காத்திருக்கிறது. ரோலரின் மடி கடலடியை இழுத்து வாரிக்கொண்டு போகிறது. இறால்தான் குறி. ஆனால் குஞ்சு மீன், பவளம், கடற்புல், சங்கு எல்லாம் சேர்ந்து வரும். கடற்புல் போனால் மீன் குஞ்சு பொரித்து ஒதுங்கும் இடம் போய்விடும். இரவில் நாம் விரித்த வலைக்கு மேலால் இழுத்தால் வலையும் போய்விடும். ஒரு எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழைச் சிறு படகு) படகுக்காரருக்கு வலைதான் முதல். அது போனால் அடுத்த வலைக்குக் கடன் வாங்க வேண்டும், அந்தக் கடன் தீருமுன் இன்னொரு இரவு வரும்.

2017இல் இலங்கை நாடாளுமன்றம் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி இழுவை மடியைத் தடைசெய்தது. அது நம் நாட்டு இழுவைப் படகுகளுக்கும் பொருந்தும். உள்ளூர் இழுவைப் படகை விட்டுவிட்டு இந்தியப் படகை மட்டும் திட்டினால் பேச்சு மேசையில் நம் வார்த்தைக்கு மரியாதை இருக்காது என்று சங்கக் கூட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

எல்லை தெரியாமலா வருகினம்? அவங்களிட்ட ஜிபிஎஸ் இருக்கே.

தெரிந்துதான் வருகிறார்கள், பெரும்பாலும். திசைமாறியோ இயந்திரம் பழுதாகியோ வருபவர்களும் உண்டு. ஏன் வருகிறார்கள் என்பதற்கு மூன்று காரணம் சொல்லலாம். இந்தியப் பக்கத்துக் கடல் ஒடுங்கியது. அதிலும் கரையிலிருந்து மூன்று கடல்மைல் சிறு படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிச்சமுள்ள துண்டுக்குள் அத்தனை ரோலரும் இழுத்தால் அங்கே என்ன மிஞ்சும்? இரண்டாவது, நம் போர்க் காலத்தில் வடக்குக் கிழக்குத் தொழிலாளிகள் கடலில் இறங்கத் தடை இருந்தது. கடல் வெறுமையாகக் கிடந்தது. அந்த வருடங்களில் வந்து பழகியவர்களுக்கு 2009க்குப் பிறகு நாம் திரும்பி வந்தது புதுப் பிரச்சினையாகத் தெரிந்தது. மூன்றாவது, ரோலரில் போட்ட பணம். அந்தப் படகில் கூலிக்கு வருபவர் முதலாளி இல்லை. பிடிபட்டு விளக்கமறியலில் இருப்பவர் பெரும்பாலும் அந்தக் கூலிக்காரர்தான்.

2017இல் இந்தியா ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரோலரைக் கைவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுக்கு மாறுபவருக்குப் படகொன்றின் விலை 80 இலட்சம் இந்திய ரூபாயில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் கொடுக்கும். சரியான வழி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு நாள் போய் வருகிற தொழிலாளியை வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் தொழிலுக்கு மாற்றப் படகுக் காசு மட்டும் போதாது.

(தமிழ்நாட்டிலிருந்து) கச்சத்தீவை மீட்டுட்டா எங்க மீனவர் பிரச்சினை தீர்ந்துடும்ல?

தீராது, தம்பி. மேலே சொன்னபடி கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல். தீவு உங்கள் பக்கம் போனாலும் கோடு கொஞ்சத் தூரம்தான் நகரும். ரோலர்கள் கச்சதீவோடு நிற்பதில்லை. நெடுந்தீவு, மாதகல், மன்னார், முல்லைத்தீவுக் கரைகளுக்குக் கிட்ட வருகின்றன. அந்தக் கடல் எந்தக் காலத்திலும் தகராறில் இருந்ததில்லை.  உங்கள் வேதனையை நான் சின்னதாக்கவில்லை. தீவைப் பற்றிய கோபம், மீனைப் பற்றிய பேச்சை மறைத்துவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டப்படி திருப்பி எடுக்க ஏலுமா? ஹேக் கோட்டுக்குப் போனால்?

2014இல் இந்தியாவின் சட்டமா அதிபர் உச்ச நீதிமன்றத்தில், கச்சதீவு ஒப்பந்தப்படி போய்விட்டது, திரும்ப வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற கருத்தில் பேசினார். 2024 தேர்தல் நேரம் இந்தியப் பிரதமரே இந்தப் பேச்சை எடுத்தார், ஆனாலும் ஒப்பந்தத்தை இந்தியா கைவிடவில்லை. 2025 ஏப்ரல் 2 தமிழ்நாடு சட்டமன்றம் மீட்கக் கோரித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 1 ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சதீவுக்குப் போய் வந்தார்.

சூழ்நிலை மாறிவிட்டது என்று சொல்லி ஒப்பந்தத்தை விட்டு விலகும் வழி சர்வதேசச் சட்டத்தில் உண்டு. ஆனால் எல்லை ஒப்பந்தத்துக்கு அந்த வழி இல்லை என்று ஒப்பந்தங்கள் பற்றிய வியன்னா சாசனத்தின் 62ஆம் சரத்து சொல்கிறது. ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை ஏற்கும் இந்தியாவின் பிரகடனம் பொதுநலவாய நாடுகளுடனான தகராறை விலக்கியே வைத்திருக்கிறது. வங்காளதேசம் இந்தியாவை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோய் 2014இல் தகராறாக இருந்த 25,602 சதுர கிலோமீற்றரில் 19,467ஐப் பெற்றதே என்று கேட்பார்கள். அங்கே கடல் எல்லை ஒப்பந்தம் இருக்கவில்லை, ஆகவே நடுவர் கோடு போட்டார்கள். நமக்குக் கோடு ஏற்கெனவே போட்டாயிற்று.

மீனவர் மீனவரோட கதைச்சால் முடியாதா? ஒரே பாசை, ஒரே சாமி.

கதைத்தார்கள். அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 2010 ஓகஸ்டில் சென்னையில் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் கூடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் ரோலரை நிறுத்துவது, அந்த வருடத்தில் மட்டும் 70 நாள் கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால் தொழில் செய்ய விடுவது என்று எழுதினார்கள். வலை அறுந்தவர்களே எழுபது நாளைத் தாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள் என்றால் எவ்வளவு பெரிய மனது! அரசுகள் அதை அங்கீகரிக்கவில்லை. பேப்பர் பேப்பராகவே இருந்தது.

பிறகு 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் கூடினார்கள். 2015 மார்ச்சில் மறுபடி சென்னை. அந்த முறை தமிழ்நாட்டுத் தரப்பு மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு 83 நாள் கேட்டது. வடக்குத் தரப்பு முடியாது என்றது. ஐந்து வருடத்தில் எழுபது எண்பத்து மூன்றாகிவிட்டது. நம்பிக்கை போன கதை அந்த எண்ணிலேயே தெரிகிறது. 2016 நவம்பரில் டில்லியில் மீனவர் பேச்சும் அமைச்சர் பேச்சும் நடந்தன. கூட்டுச் செயற்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்திப்பார்கள், கரையோரக் காவல் படைகளுக்கு நேரடித் தொலைபேசி என்று முடிவானது. அந்தக் குழுவின் ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தது 2024 ஒக்டோபரில். மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது எட்டு வருடத்தில் ஆறாகியிருக்கிறது.

2025 மார்ச்சில் வவுனியாவில் மீனவர்கள் மறுபடி சந்தித்தார்கள். சந்திப்பதை விடாமல் இருப்பதே பெரிய விடயம். என் நோக்கில் ஒன்று மட்டும் மாற வேண்டும்: மீனவர் எழுதும் உடன்பாட்டுக்கு இரண்டு அரசும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். வேண்டாம் என்றாலும் காரணத்தோடு வேண்டாம் என்று எழுதட்டும்.

பிடிக்கிறதும் விடுறதுமா இருக்கே. இதால என்ன பிரயோசனம்?

1979இன் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தண்டப்பணம் கோடிக்கணக்கான ரூபாய் வரை உயர்ந்தது. முன்பெல்லாம் ஆளோடு படகையும் விட்டார்கள். இப்போது பெரும்பாலும் ஆட்களை ஒத்திவைத்த தண்டனையோடு அனுப்பிவிட்டுப் படகை அரசுடைமையாக்குகிறார்கள். 2024 ஏப்ரலில் இந்திய வெளியுறவு அமைச்சர் சொன்ன கணக்குப்படி, முந்தைய இருபது ஆண்டில் 6,184 இந்திய மீனவர்களும் 1,175 படகுகளும் பிடிபட்டிருக்கின்றன. இத்தனை பிடித்தும் வரவு நிற்கவில்லை. அதே 2024 ஜூனில் ரோலர் ஒன்றைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஓகஸ்டில் கடற்படைக் கலத்தோடு படகு மோதி இந்திய மீனவர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு வீட்டுக்கும் இழப்பு ஒன்றுதான்.

எங்கட எண்ணெய்க் குதம், 1987 கடிதம், அதுவும் இந்த எல்லைப் பிரச்சினைக்குள்ளதானே?

இல்லை. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு மாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டுக்கும் இராணுவப் பாவனைக்குக் கொடுப்பதில்லை என்றும், சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் கூட்டு முயற்சியாக இயக்குவது என்றும் இருக்கிறது. அது இறைமை யாருக்கு என்ற தகராறு அல்ல. கடிதத்தின் பலம் எவ்வளவு என்று பார்க்க மட்டும் 1976 கடிதத்தோடு சேர்த்து வாசிக்கலாம்.

அப்ப கிழக்குக் கடலில இனி எல்லைப் பிரச்சினை வராதா?

நீர்ப்பரப்பில் கோடு முடிந்தது. கடலடியில் முடியவில்லை. 200 கடல்மைலுக்கு அப்பால் கண்டமேடை (கரை நிலத்தின் தொடர்ச்சியான கடலடி) எவ்வளவு தூரம் தனக்குரியது என்று 2009 மே 8 இலங்கை ஐ.நா. ஆணைக்குழுவிடம் கோரியது. வங்காள விரிகுடாவில் வண்டல் மிகத் தடிப்பானது என்பதால், தெற்குப் பகுதிக்குத் தனிக் கணக்கு முறை 1980லேயே கடல் சட்ட மாநாட்டில் ஏற்கப்பட்டிருந்தது. மூன்று நாள் கழித்து இந்தியாவும் தன் கோரிக்கையைக் கொடுத்தது.

2024 ஜனவரியில் இந்தியா, அஃபனாசி நிகிடின் என்ற கடலடி மலையில் கோபால்ட் தேட சர்வதேசக் கடலடி அதிகாரசபையிடம் விண்ணப்பித்தது. அந்த மலை இலங்கை கோரும் கண்டமேடைக்குள் வருகிறது. அடுத்த பேச்சுவார்த்தை மீனைப் பற்றியதாக இல்லாமல் இதைப் பற்றியதாக இருக்கக்கூடும். கச்சதீவில் செய்த மாதிரி, கரையில் இருப்பவருக்குத் தெரியாமல் முடித்துவிடக் கூடாது என்பது என் கவலை.

அந்தோனியார் திருவிழாவுக்கு நாங்களும் போகலாமா?

போகலாம். தவக்காலத்தில், பெப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். திகதியைப் பங்குக் கோயிலில் விசாரியுங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் இராமேஸ்வரத்தில் பதிந்து பட்டியலோடு வருகிறார்கள். தண்ணீர் கொண்டு போங்கள். இரண்டு கரைத் தொழிலாளிகளும் ஒரே மணலில் படுத்துக் கதைக்கும் இரவு அது. ரோலர்காரரோடு நேரே கதைக்க விரும்புகிறவர் போய்ப் பாருங்கள்.

போன கிழமை என்ர வலை போச்சு. நான் என்ன செய்ய?

கரைக்கு வந்த அன்றைக்கே எழுதி வையுங்கள். நேரம், ஜிபிஎஸ் காட்டிய இடம், எத்தனை வலை, என்ன விலை, படகின் நிறம், முடிந்தால் இலக்கம். தமிழ்நாட்டுப் படகின் இலக்கம் ‘ஐஎன்டி டிஎன்’ என்று தொடங்கும், காரைக்கால் படகுக்கு ‘ஐஎன்டி பிவை’. தொலைபேசியில் மிஞ்சிய வலையைப் படம் எடுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதியைக் கடற்றொழில் திணைக்களத்துக்கும் சங்கத்துக்கும் கொடுங்கள். 2010 பேச்சுக்குப் போனவர்களிடம் எழுபது நாளுக்குச் சம்மதிக்க மனது இருந்தது. எந்த இரவில் எந்த இடத்தில் எத்தனை வலை போனது என்ற கணக்கையும் அடுத்த முறை போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவோம். எழுதத் தெரியாதென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சங்கத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.